புற்றுமண் ரேகை

அத்தியாயம் 9

தலைமறைவாக இருக்கிறவன் போலீசுக்குக் கடிதம் எழுதுவதில்லை. எழுதினாலும் பத்தொன்பது பக்கம் எழுதுவதில்லை. அதிலும் ஒவ்வொரு பக்கத்திலும் கட்டைவிரல் ரேகை வைத்து, அடியில் 'உத்தரவுப்படி சமர்ப்பிக்கிறேன்' என்று பவ்யமாக எழுதி, தபால் தலை ஒட்டி அனுப்புவதில்லை. சுடலைராஜ் இத்தனையும் செய்திருந்தான்.

மத்தியக் குற்றப் புலனாய்வுத் துறை இன்ஸ்பெக்டர் மாரிசெல்வி அந்தக் கடிதத்தைக் கைப்பையில் வைத்துக்கொண்டு சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு டீக்கடையில் நின்றாள். பக்கத்தில் ஏட்டு மைதீன் பாட்சா இரண்டாவது வடையைக் கவனித்துக்கொண்டிருந்தார். போன வியாழக்கிழமை மாதாந்திரப் பராமரிப்பு என்று பகல் முழுக்கக் கரண்ட் இல்லை, மாவு ஆட்ட முடியாமல் வியாபாரம் படுத்துவிட்டது என்று டீ மாஸ்டர் யாரிடமோ புலம்பிக்கொண்டிருந்தார்.

"எனக்கென்னமோ மேடம், அவன் நம்ம டிபார்ட்மெண்டுக்கு வேலைக்கு மனு போட்டிருக்கான்னு தோணுது," என்றார் பாட்சா. "நான் எழுதுற ரிப்போர்ட்டைவிட நல்லாவே எழுதியிருக்கான்."

மாரிசெல்வி சிரிக்கவில்லை. சுடலைராஜ் பெயரைக் கேட்டால் அவளுக்குச் சிரிப்பு வந்து இரண்டு வருடமாகிறது.

அவன் ஆள் பிடிக்கிற ஏஜென்ட். பாங்காக்கில் கம்ப்யூட்டர் வேலை என்று ஆசை காட்டி, இந்த வட்டாரத்திலிருந்து பதினான்கு பிள்ளைகளை விமானம் ஏற்றிவிட்டான். அவர்களை அங்கே வேனில் திணித்து, ஆற்றைக் கடத்தி, இன்னொரு நாட்டுக் காட்டுக்குள் கம்பி வேலி போட்ட கட்டடத்தில் கொண்டு தள்ளினார்கள். வேலை என்னவென்றால் போனில் கூப்பிட்டு ஊர் உலகத்தை ஏமாற்றுவது. பாஸ்போர்ட்டைப் பிடுங்கிக்கொண்டார்கள். அப்படிப் போனவர்களில் ஒரு அக்காவும் தம்பியும் உண்டு. முத்துமணி, செல்வக்குமார். இந்த ஊர்த் தறிக்காரர் வீட்டுப் பிள்ளைகள். குரல் நன்றாக இருக்கிறது என்று அக்காவைப் போனில் பேச உட்கார வைத்தார்கள். தம்பி மாட்டேன் என்றான். அவனை நாற்பத்து மூன்று நாள் இருட்டறையில் போட்டார்கள். வெளியே விட்ட அன்று அவன் ஐந்தாவது மாடியிலிருந்து குதித்துவிட்டான்.

மீட்கப்பட்டு வந்த முத்துமணியிடம் வாக்குமூலம் எழுதியது மாரிசெல்விதான். தறிக்கூடத்தில், ஓடுகிற தறிகளுக்கு நடுவே உட்கார்ந்து எழுதினாள். எழுதி முடித்துவிட்டு, எந்தப் போலீஸ் அதிகாரியும் சொல்லக்கூடாத ஒன்றைச் சொன்னாள். அவனைக் கொண்டுவந்து உன் முன்னால் நிறுத்துகிறேன், இது என் வாக்கு என்றாள். அதற்கப்புறம் திருப்பூரில் ஒரு தடவை, ஓசூரில் ஒரு தடவை, பாதி குடித்த டீ ஆறுவதற்குள் சுடலைராஜ் நழுவிவிட்டான். வாக்கு அப்படியே கிடந்தது.

இப்போது இந்தக் கடிதம். பதினொரு ஏஜென்டுகளின் பெயர் அதில் இருந்தது. மூன்று பேரை விசாரித்ததில் மூன்றும் உண்மை. திசை திருப்பப் பார்க்கிறான் என்று மேலதிகாரி கடிதத்தை ஒதுக்கிவிட்டார். மாரிசெல்விதான் மன்றாடி இரண்டு நாள் அவகாசம் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறாள். அவளுக்கு ஆத்திரம் மூட்டியது வேறு விஷயம். பத்தொன்பது பக்கத்திலும் அந்தப் பிள்ளைகளில் ஒருவர் பெயர்கூட இல்லை. நபர் ஒன்று, நபர் இரண்டு என்றே எழுதியிருந்தான். செல்வக்குமார் நபர் ஒன்பது.

"ஏட்டையா, இந்த ரேகையைப் பாரும்," என்றாள்.

பாட்சா கையைத் துடைத்துவிட்டு வாங்கிப் பார்த்தார். மை இல்லை. செம்பழுப்பு நிறத்தில் காய்ந்த எதுவோ. சென்னை ஆபீசில் எல்லோரும் காப்பிக் கறை என்று முடிவுகட்டிவிட்டார்கள். மாரிசெல்வி பக்கத்திலிருக்கும் ராயகிரிக்காரி. சின்ன வயதில் உடம்பெல்லாம் கொப்புளம் வந்தபோது அவள் அம்மா இந்த ஊர்க் கோயிலில் பிரசாதமாக எடுக்கிற புற்றுமண்ணைத்தான் குழைத்துப் பூசினாள். அந்த நிறத்தை அவள் மறக்கவில்லை.

"புத்துமண்ணு," என்றார் பாட்சா, அவள் சொல்வதற்கு முன்பே. "எங்க வீட்டுலயும் இருக்கும் மேடம். தேள் கொட்டுனா நாங்களும் இதைத்தான் தேய்ப்போம். தேளு ஆளு பாத்தா கொட்டுது?"

மை இல்லாத இடத்தில் புற்றுமண் இருக்கிறது. அப்படியானால் யாரோ அவனுக்குத் தினமும் கோயிலிலிருந்து கொண்டுவந்து கொடுக்கிறார்கள். மாரிசெல்வி அந்த வழியில் யோசித்துக்கொண்டிருக்க, பாட்சா காகிதங்களின் மூலையைத் திருப்பிப் பார்த்தார். பக்கங்களை வெள்ளை நூலால் கோத்து முடிச்சுப் போட்டிருந்தது. கடுகளவு முடிச்சு.

"இது தறிக்காரங்க முடிச்சு. அறுந்த இழையை இப்படித்தான் சேப்பாங்க. ஆனா இந்த ஊர்ல வீட்டுக்கு வீடு தறி. அந்தப் பிள்ளை முத்துமணிகிட்ட கேட்டா எந்தப் பக்கத்து நூலுன்னு சொல்லிரும். பக்கத்துத் தெருதான்."

"வேண்டாம்," என்றாள் மாரிசெல்வி. "வெறுங்கையோட போயி அந்தப் பிள்ளை மூஞ்சியில முழிக்க மாட்டேன்."

பாட்சா அதற்கு மேல் வாயைத் திறக்கவில்லை. வாயைத் திறக்காமல் இருப்பது அவருக்கு வடையை விடுவதைப் போலக் கஷ்டம்.

கோபுர வாசலில் பூ விற்கிற வள்ளித்தாய்க்கு உள்ளே போகிறவர்கள், வருகிறவர்கள் எல்லோரும் அத்துபடி. இரண்டு முழம் மல்லிகையை வாங்கிக்கொண்டு மாரிசெல்வி பேச்சுக் கொடுத்தாள். புற்றுமண் எடுக்கிறவர்கள் ஒரு சிட்டிகை எடுப்பார்கள், மிஞ்சினால் ஒரு பொட்டலம். தினமும் நிறைய எடுத்துப் போகிறவர் யாராவது உண்டா? வள்ளித்தாய் யோசிக்கவே இல்லை. கழுகுமலை ரோட்டில் இருக்கிற கோமதியம்மாள் ஒரு மாதமாகத் தினமும் ஒரு டப்பா நிறைய எடுத்துப் போகிறாள், மாடியில் குடியிருக்கிறவருக்குக் காலெல்லாம் வீக்கமாம் என்றாள்.

"ஒரு மாசமா வீங்குத காலுக்கு டாக்டரைப் பாக்கலாமுல்லா," என்றார் பாட்சா.

"அவரு வெளிய வரமாட்டாராம் அண்ணாச்சி. பெரிய பக்திமானாம்."

கோமதியம்மாள் சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள். வந்திருப்பது போலீஸ் என்று தெரிந்ததும் நாற்காலியை முந்தானையால் துடைத்துப் போட்டாள். மாடியில் இருப்பவர் பெயர் சங்கரலிங்கம், ஆடிக்கு முன்னால் வந்தார், இருக்கிற இடம் தெரியாத மனுஷர் என்றாள். மூன்று வேளையும் இவள்தான் டிபன் கேரியரைக் கதவோரம் வைப்பாள். ஏதாவது காகிதம் இருந்தால் அவர் காலி கேரியரில் வைத்து அனுப்புவார். ஸ்கூட்டியில் ஹெல்மெட் போட்ட ஒரு பெண் வந்து வாங்கிப் போவாள். ஆபீஸ் பிள்ளை என்று சொன்னாராம்.

அதைவிட முக்கியமான ஒன்றைச் சொல்லத்தான் அவள் துடித்துக்கொண்டிருந்தாள்.

"ஆடிச்சுத்து சுத்துதாரு மேடம். ரூமுக்குள்ளயே. தினம் நூறு சுத்து. நான் கீழ படுத்துக்கிட்டு எண்ணுவேன். ஒண்ணு குறையாது."

ஆடித்தபசுக்குக் கொடியேறினால் ஊரே கோயிலைச் சுற்றும். அம்மன் ஒற்றைக்காலில் தவம் நிற்கிற நாட்களில் தாங்களும் காலைக் கடுக்க வைத்துக்கொள்வதில் இந்த ஊர்க்காரர்களுக்கு ஒரு திருப்தி. நூற்றியொன்று, ஐநூற்றியொன்று என்று வேண்டிக்கொண்டு சுற்றுவார்கள். ஆனால் தபசு முடிந்தால் சுற்றும் முடிந்தது.

"தபசு முடிஞ்சு ஒரு மாசத்துக்கு மேல ஆச்சே," என்றாள் மாரிசெல்வி.

"அவரு ஆரம்பிச்சதே தபசு முடிஞ்ச மறுவாரம்தான். பண்டிகை நேரத்துல சுத்த முடியாம போயிருக்கும், விட்ட சுத்தை அடைக்காருன்னு நினைச்சேன். நடக்க நடக்க காலு வீங்கிருச்சு. நான்தான் புத்துமண்ணு குடுத்து அனுப்புதேன். நமக்கும் அந்தப் புண்ணியத்துல கொஞ்சம் கிடைக்கட்டுமேன்னு."

அப்போது தலைக்கு மேல் அந்தச் சத்தம் கேட்டது. செருப்பில்லாத கால், இழுத்து இழுத்து நடக்கிற நடை. மூலைக்கு மூலை நின்று திரும்பி, மறுபடி நடந்தது.

மாரிசெல்விக்கு உடம்பு சிலிர்த்தது. பக்தியினால் இல்லை. முத்துமணியின் வாக்குமூலத்தில் தன் கையாலேயே எழுதிய ஒரு வரி நினைவுக்கு வந்தது. 'சொன்ன வேலையைச் செய்யாதவர்களைத் தினமும் கட்டட முற்றத்தை நூறு சுற்று சுற்ற விடுவார்கள்.' நூற்றியொன்று இல்லை. நூறு.

"ஏட்டையா, மேல வாரும்," என்றாள்.

மாடிக் கதவுக்கு வெளிப்பக்கம் பூட்டு இல்லை. உள்பக்கம்தான் தாழ் போட்டிருந்தது. பாட்சா தட்டினார். நடை நின்றது.

"இப்ப தொறக்க முடியாது," என்றது உள்ளேயிருந்து ஒரு குரல். "உத்தரவு இல்லை."

"ஏலே சுடலைராஜு, நாங்க சென்ட்ரல் போலீஸ். கதவைத் தொற."

கால் இழுபடும் சத்தம் கதவருகே வந்து நின்றது. பிறகு அந்தக் குரல், குழந்தைக்கு விளக்குவதைப் போல நிதானமாகச் சொன்னது. "நான் ஏற்கெனவே சென்ட்ரல் காவல்லதான் இருக்கேன். நீங்க போலியா இருப்பிய. மேடம் ஒரு மணிக்கு வருவாங்க. கேட்டுட்டுத் தொறக்கேன்."

பாட்சா இருபத்தாறு வருட சர்வீசில் இப்படி ஒரு பதிலைக் கேட்டதில்லை. மாரிசெல்வியைப் பார்த்தார். அவள் தலையசைத்ததும் தோளைக் கொடுத்தார். தாழ்ப்பாள் பழசு, இரண்டாவது இடிக்கே பெயர்ந்து வந்தது.

அறையின் நடுவில் ஒரு நாற்காலி. எதிரே சின்ன மேசையில், செம்பில் சாய்த்து வைத்த போன், சார்ஜரில் செருகியபடி இருந்தது. தரையில் நடந்து நடந்து வட்டமாக ஒரு தடம் விழுந்திருந்தது. சுவரில் அவன் கையெழுத்திலேயே ஒரு காகிதம்: அனுமதியின்றி எழக்கூடாது, அனுமதியின்றி பேசக்கூடாது, அனுமதியின்றி கதவைத் தொடக்கூடாது. தாடியும் மண் பூசிய காலுமாக நின்ற மனிதனைச் சுடலைராஜ் என்று அடையாளம் காண அவளுக்கே கொஞ்சம் நேரம் ஆனது.

தன் அடையாள அட்டையை நீட்டினாள். அவன் உற்றுப் பார்த்தான்.

"மேடமும் இதே கார்டைத்தான் காட்டினாங்க. அதுல போட்டோ இன்னும் தெளிவா இருந்துச்சு."

பாட்சாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. யாருக்குப் போன் போட்டாலும் ஒரு அம்மா வந்து, போலி போலீஸ் வீடியோவில் வருவான், நம்பாதீர்கள் என்று நாள்தவறாமல் சொல்கிறாளே, கேட்டதில்லையா என்றார்.

"கேட்டேன் அண்ணாச்சி. அது தப்பு செய்யாதவங்களுக்குல்லா சொல்லுதாங்க. நான் செஞ்சவன். என்னைத் தேடுறது உண்மைதான?"

மாரிசெல்வி அவன் எதிரில் போய் நின்றாள். கை பரபரத்தது. அதைக் கைப்பையின் வாரில் சுற்றிக்கொண்டாள்.

"பதினாலு பிள்ளைகளை அனுப்பினியே. அங்க போயி என்ன வேலை செஞ்சாங்கன்னு ஒரு நாளாவது கேட்டிருக்கியா?"

"ஏதோ டேட்டா என்ட்ரின்னாங்க மேடம். ஏத்திவிடுறதோட என் சோலி முடிஞ்சுது."

அந்தக் கட்டடத்தில் இரவும் பகலும் நடந்த வேலையே இதுதான். போலீஸ் உடுப்பில் வீடியோவில் வந்து, நீ கைதாகிவிட்டாய், நாற்காலியைவிட்டு எழாதே என்று மிரட்டுவது. தான் அனுப்பிய பிள்ளைகள் எதற்குப் போனார்கள் என்று ஒரே ஒரு தடவை விசாரித்திருந்தால் சுடலைராஜ் முதல் நாளே போனை அணைத்திருப்பான். விசாரிக்கவில்லை. அதற்குத்தான் இப்போது கால் வீங்க நடக்கிறான்.

அவனுக்குத் தன் மேடத்தைப் பற்றிப் பெருமையாகச் சொல்ல இன்னும் இருந்தது. டெல்லி தலைமை அலுவலகத்திலிருந்து பேசுகிறாராம். பின்னால் ஓயாமல் மிஷின் ஓடுமாம், ஃபைல் அச்சடிக்கிற மிஷினாம். போன வியாழக்கிழமை ஒரு நாள்தான் ஓடவில்லையாம்.

பாட்சா ஜன்னலோரம் போய்த் தெருப் பக்கம் காதைக் கொடுத்தார். மாரிசெல்வி கைப்பையிலிருந்து கடிதத்தை எடுத்து, மூலையில் இருந்த அந்தக் கடுகளவு முடிச்சைப் பார்த்தாள். போன வியாழக்கிழமை டெல்லியில் கரண்ட் போகவில்லை. இங்கே போனது. இரண்டு வருடமாக எந்தத் தெருப் பக்கம் தலைவைத்துப் படுக்க வெட்கப்பட்டாளோ, அந்தத் தெருவிலேயே எல்லாம் இருந்திருக்கிறது.

சரியாக ஒரு மணிக்குப் போன் அடித்தது. சுடலைராஜ் பதறிப்போய் நாற்காலியில் உட்கார்ந்தான். மாரிசெல்வி சுவரோரம் ஒதுங்கினாள். திரையில் ஆள் இல்லை, ஏதோ முத்திரை மட்டும் தெரிந்தது.

"சுடலைராஜ். இன்று நாற்பத்தோராவது நாள். சுற்று முடிந்ததா?" குரல் கண்ணாடி மாதிரி சுத்தமாக இருந்தது. பின்னால் மிஷின்கள் ஓடின. அவை என்ன மிஷின் என்று அந்த அறையில் சுடலைராஜைத் தவிர மற்ற இருவருக்கும் தெரியும்.

"நாப்பத்தாறுதான் மேடம். இங்கன ரெண்டு பேரு..."

மாரிசெல்வி குனிந்து திரையைப் பார்த்தாள். "முத்துமணி," என்றாள்.

தறிகள் ஒவ்வொன்றாக நின்றன. கடைசித் தறியும் அடங்கியதும் முத்திரை மறைந்து, தலைமுடியில் பஞ்சுத் துகள் ஒட்டிய ஒரு பெண் முகம் வந்தது.

"வந்துட்டியளா மேடம்," என்றாள் முத்துமணி. டெல்லி போய்விட்டது, சங்கரன்கோவில்தான் பேசியது. "கடுதாசி சீக்கிரமே வந்துட்டு போல."

அவளே சொன்னாள். ஏதோ ஒரு வாட்ஸ்அப் குரூப்பில் மறுபடி பாங்காக் வேலை என்று ஒரு குரல் பதிவு வந்தது. வேறு பெயர், அதே குரல். அந்தக் குரலை நம்பித்தான் தம்பியின் கையைப் பிடித்து விமானம் ஏறினாள், மறக்குமா? அந்த எண்ணுக்கே கூப்பிட்டாள். என்ன சொல்ல வேண்டும் என்று அவளுக்கு யாரும் எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. அவன் எழுதினதை ஹெல்மெட் போட்டுக்கொண்டு போய் வாங்கி, நூலால் கோத்துத் தபாலில் சேர்த்ததும் அவளேதான்.

"எங்கிட்ட ஏன் சொல்லல?" என்றாள் மாரிசெல்வி.

"சொன்னா பிடிச்சிட்டுப் போவிய. ரெண்டு மாசத்துல ஜாமீன்ல வருவான். என் தறிக்கூடம் வழியாவே பைக்ல போவான். அதைப் பாத்துக்கிட்டு என்னால தறி ஓட்ட முடியாது."

"பெறகு கடுதாசி எதுக்கு?"

"நாப்பத்து மூணு முடிஞ்ச பெறகு இவனை என்ன செய்யன்னு எனக்குத் தெரியல." அவள் முகத்தைத் திரைக்கு நெருக்கமாகக் கொண்டுவந்தாள். "இன்னும் ரெண்டு நாள்தான மேடம். அது மட்டும் குடுங்க."

கொடுத்துவிட வேண்டும் என்றுதான் மாரிசெல்விக்கு இருந்தது. ஒளிப்பானேன், இருநூறு நாள் கேட்டிருந்தாலும் அந்த நிமிஷத்தில் கொடுத்திருப்பாள். கதவைச் சாத்திவிட்டுக் கீழே போய் கோமதியம்மாளிடம் காப்பி வாங்கிக் குடிக்கலாம். மேலே அவன் சுற்றட்டும். ஆனால் மண் பூசிய அந்த வீங்கின காலை அவள் பார்த்துவிட்டாள்.

"முடியாது முத்துமணி," என்றாள். "இன்னும் ரெண்டு நாள் போனா இந்தக் காலைப் பாத்து யாராவது இவனுக்கு இரக்கப்படுவாங்க. கோர்ட்ல ஒருத்தன்கூட இவனுக்கு இரக்கப்படக் கூடாது. செல்வக்குமாருக்கு மட்டும்தான் படணும்."

முத்துமணி தலைமுடியில் ஒட்டியிருந்த பஞ்சுத் துகளை எடுத்துப் போட்டாள். பிறகு சரி என்பது போலத் தலையை அசைத்தாள்.

"உனக்கு ஒரு வாக்குக் குடுத்திருக்கேன். இவனை உன் தறிக்கூடத்து வாசலுக்குக் கூட்டிட்டு வாரேன். உன் முன்னால நிறுத்துதேன்."

"வேண்டாம் மேடம்," என்றாள் முத்துமணி. "நேர்ல பாத்தா மனுசனாத் தெரிஞ்சிருவான்."

ஜன்னலோரம் நின்ற பாட்சா தொண்டையைக் கனைத்துக்கொண்டு, ஆள்மாறாட்டம் என்று ஒரு கேஸ் வருமே மேடம் என்று மெதுவாக இழுத்தார். அவரே பதிலும் சொல்லிக்கொண்டார். புகார் கொடுக்க ஒரு ஆள் வேண்டும், ஏமாந்தவனோ இன்னும் ஏமாந்ததாகவே ஒத்துக்கொள்ளவில்லை.

உண்மைதான். சுடலைராஜ் இத்தனை பேச்சையும் காதில் வாங்கிக்கொண்டு, கையை மேசைமேல் வைத்தபடியே இருந்தான். மாரிசெல்வி அவன் தோளைத் தொட்டு, கைது செய்கிறேன், எழுந்திரு என்றாள். அவன் எழவில்லை. அவளை ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை. திரையை நோக்கிக் கும்பிட்டான்.

"மேடம், நான் எந்திரிக்கலாமா?"

முத்துமணியின் முகம் ஒரு கணம் இறுகியது. சங்கரன்கோவில் மறைந்து, மறுபடி அந்தக் கண்ணாடிக் குரல் வந்தது.

"அதை நான் சொல்ல முடியாது. செல்வக்குமாரிடம் கேள்."

திரை அணைந்தது. தூரத்தில் எங்கோ ஒரு தறி ஓடத் தொடங்குவது ஜன்னல் வழியாகக் கேட்டது. சுடலைராஜ் இருண்ட போனைப் பார்த்தான், பிறகு மாரிசெல்வியைப் பார்த்தான். நெற்றியைச் சுருக்கி யோசித்தான். நிஜமாகவே யோசித்தான், ஒன்றும் அகப்படவில்லை.

"செல்வக்குமார்ங்கது யாரு மேடம்?" என்றான். "இவங்களுக்கும் மேல உள்ள ஆபீசரா?"

மாரிசெல்வி விலங்கை எடுத்து அவன் இரண்டு கையிலும் மாட்டினாள். ஒருமுறை இழுத்துப் பார்த்துக்கொண்டாள்.

"ஆமா," என்றாள். "உன் கேசுக்கு இனிமே அவருதான்."